பாட்டு ஆளையே இழுத்துக்கொண்டு போகிறது: கேட்பதை விடாமல் சமாளிப்பது எப்படி?

அடிநாதம் கேட்டது:

வணக்கம். இசை மேல் அளவுகடந்த பிடிப்பு உள்ளவர்களிடமும், இதைப் பற்றி விவரம் தெரிந்தவர்களிடமும் கேட்கிறேன். சில பாடல்களில் ஒரு குறிப்பிட்ட இடம் வந்தாலே தொண்டை அடைக்கிறது, கண் கலங்குகிறது, கை முழுக்கப் புல்லரிக்கிறது. தனியாக இருந்தால் பரவாயில்லை. பேருந்திலும் அலுவலகத்திலும் இதேதான். ஒரு பாட்டு பிடித்துப்போனால் அன்று மாலை முழுக்க அது மட்டுமே ஓடும். சோகப் பாட்டு முடிந்த பிறகும் வெகுநேரம் மனசு எழுந்திருப்பதில்லை. பாட்டு போட்டால் வேலை நகராது, போடாவிட்டால் உட்காரவே முடியாது.

கேட்பதை விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்குத் தெரிய வேண்டியது இவைதான்: இது கோளாறா, இயல்பா? பொது இடத்தில் கண்ணீரைத் தடுக்க வழி உண்டா? உயிராக நினைக்கும் பாட்டு கேட்டுக் கேட்டே சலித்துப்போகாமல் காப்பாற்றுவது எப்படி?

தந்திக்கம்பி பதில்:

கோளாறு இல்லை. இசைக்குப் புல்லரிப்பவர்கள் ஏராளம், அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும். 2001இல் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆன் பிளட்டும் ராபர்ட் சட்டோரும், ஒவ்வொருவருக்கும் புல்லரிக்கும் இசையை அவரவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதைக் கேட்கும்போது மூளையைப் படமெடுத்தார்கள். சாப்பாடு போன்ற அடிப்படை இன்பங்களுக்கு எந்தப் பகுதிகள் கிளர்ச்சியடையுமோ, அவையே இசைக்கும் கிளர்ந்தன. 2011இல் வலோரி சலிம்பூரும் சட்டோரும் சேர்ந்த குழு இன்னொரு படி மேலே போனது. உச்ச இடம் வருவதற்குச் சில விநாடிகள் முன்பே, எதிர்பார்ப்பிலேயே, மூளையின் ஒரு பகுதியில் டோபமின் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புடைய வேதிப்பொருள் சுரக்கிறது. உச்சம் வந்ததும் வேறொரு பகுதியில் சுரக்கிறது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. உங்களை உலுக்கும் இடம் தனியாக நின்று உலுக்குவதில்லை. அதை நோக்கி ஏறிவரும் பாதையும் சேர்ந்துதான் உலுக்குகிறது. விரலால் தள்ளி நேராக அந்த இடத்துக்கே போய், கேட்டதும் பத்து விநாடி பின்னால் இழுத்து, மறுபடி கேட்கிறார்கள் பாருங்கள், ஒரு பாட்டைச் சீக்கிரம் தீர்த்துவிட இதைவிட வழி வேண்டாம். எதிர்பார்ப்புக்கு அவகாசமே இல்லாமல் போகிறது. சில நாளில் அந்த இடம் வெறும் ஓசையாகிவிடும்.

காப்பாற்ற வேண்டிய பாடல்களைத் தனிப் பட்டியலாக்குங்கள். பதினைந்துக்கு மேல் வேண்டாம். அதை ஷஃபிளில் சேர்க்காதீர்கள். முதல் நொடியிலிருந்து கடைசி வரை கேளுங்கள், ஒரே அமர்வில் இரண்டு தடவைக்கு மேல் போகாதீர்கள், அடுத்த முறைக்கு நாலைந்து நாள் இடைவெளி விடுங்கள். அலாரமாகவோ ரிங்டோனாகவோ ஒருபோதும் வைக்கக் கூடாது: தினமும் பாதியில் வெட்டுப்படும், போதாக்குறைக்குத் தூக்கம் கலைந்த எரிச்சலும் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே சலித்துவிட்ட பாட்டென்றால் இரண்டு மூன்று மாதம் தொடாமல் விட்டுவிட்டு, திரும்பும்போது வேறு வாசலால் நுழையுங்கள். மேடையில் பாடிய பதிவு, வேறொரு கருவியில் வாசித்தது, அல்லது ஹெட்போனுக்குப் பதில் நல்ல ஸ்பீக்கர். பழைய பதிவில் கவனிக்காத பேஸ் கிட்டார் நகர்வோ பின்னணிக் கோரஸோ காதில் விழுந்தால் பாட்டு மீண்டும் உயிர் பெறும்.

இனி கண்ணீர். எந்த இடத்தில் வருகிறது என்று தெரியாமல் தடுக்க முடியாது. ஜான் ஸ்லோபோடா என்ற பிரிட்டிஷ் இசை உளவியலாளர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவர்களிடம் உடல் சிலிர்க்கும், கண் கலங்கும் இடங்களைக் கேட்டு வாங்கி, அந்த இடங்களில் இசையில் என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தார். கண்ணீர் அதிகம் வந்தது, அந்த நேரத்தில் ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக்கூட்டில் சேராத ஒரு ஸ்வரம் கணநேரம் அழுத்தமாக நின்றுவிட்டுப் பக்கத்து ஸ்வரத்தில் இறங்கி இளைப்பாறும் இடங்களில். சிலிர்ப்பு அதிகம் வந்தது எதிர்பாராமல் அந்த ஸ்வரக்கூட்டே (கார்டு) மாறும் இடங்களில். இவை தவிர, அடங்கிய இசை திடீரென்று பொங்குவது, தனிக்குரலோடு கோரஸ் சேர்வது, குரல் அதுவரை தொடாத உச்சத்தைத் தொடுவது ஆகியவையும் சிலிர்க்க வைக்கும்.

ஒரு பத்துப் பாடலுக்குக் குறிப்பு எழுதுங்கள்: பாட்டு, நிமிடம்-விநாடி, அந்த நொடியில் இசையில் என்ன மாறியது, உடம்பில் என்ன வந்தது. உதாரணமாக, "3:12, இரண்டாம் சரணம் முடிந்து தாளம் நின்றுபோகிறது, வயலின் மட்டும், தொண்டை". பத்து எழுதி முடிப்பதற்குள் உங்கள் பலவீனம் தாளம் நிற்கும் இடமா, குரல் ஏறும் இடமா, சொல்லா என்று தெரிந்துவிடும். சொல் என்றால் வழி சுலபம், வெளியே போகும்போது கருவியிசையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பேருந்தில் அந்த இடம் நெருங்கும்போது செய்ய வேண்டியது கவனத்தை மெலடியிலிருந்து கீழே இறக்குவது. பேஸ், அதாவது அடியில் ஓடும் கனத்த ஒலி, மட்டும் எங்கே போகிறது என்று தேடுங்கள், அல்லது தாளத்தை விரலில் எண்ணுங்கள். ஆராயும் காது வேறு, கரையும் காது வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் முழுதாக வேலை செய்வது கடினம். கூடவே மூச்சை நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடுங்கள். ஒரு காதிலிருந்து இயர்பட்டைக் கழற்றுவதும் உதவும், ஸ்டீரியோ விரிவு போனதும் பாதி வேகம் தணியும். எதுவும் முடியாத நிலை வந்தால் இசை உச்சியில் இருக்கும்போது நிறுத்தாதீர்கள். அந்த வரி முடியும்வரை ஒலியை மெல்லக் குறைத்து, வரி முடிந்ததும் நிறுத்துங்கள். பாதியில் அறுத்தால் மீதி தலைக்குள் ஓடத் தொடங்கும்.

செவிப்பறை பதில்:

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் யாரும் காதைப் பற்றிப் பேசவில்லை. இவ்வளவு தீவிரமாகக் கேட்பவர்களுக்கு முதலில் பறிபோவது காதுதான். ஒலி கூடினால் சிலிர்ப்பும் கூடும், அதனால் நம்மை அறியாமலேயே வால்யூம் வாரத்துக்கு ஒரு புள்ளி ஏறிக்கொண்டே போகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: பெரியவர்கள் 80 டெசிபலில் (டெசிபல் என்பது ஒலியளவின் அலகு) வாரம் 40 மணி நேரம் வரை பாதுகாப்பாகக் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89 என்றால் 5 மணி, 92 என்றால் இரண்டரை மணிதான் ஒரு வாரத்துக்கே. மாலை முழுக்க ஒரே பாட்டை ஓட விடுபவர் 89இல் கேட்டால் இரண்டு நாளில் வாரக் கணக்கு தீர்ந்துவிடும். குழந்தைகளுக்கு 80க்குப் பதில் 75 என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

பல போன்களில் ஹெட்போன் ஒலி அளவைப் பதிவு செய்யும் வசதியும், ஒரு வரம்புக்கு மேல் போகாமல் பூட்டும் வசதியும் உண்டு. அமைப்புகளில் ஒலி அல்லது ஆரோக்கியம் பகுதியில் தேடுங்கள். வேறு நிறுவன ஹெட்போன் மாட்டினால் காட்டும் எண் தோராயமானதுதான், எனவே வரம்பைக் கொஞ்சம் தாழ்த்தியே வையுங்கள். தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று பட்டை பட்டையாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் பேஸை ஏற்றினால் மொத்த அழுத்தமும் ஏறும். பேஸ் வேண்டுமென்றால் அதை ஏற்றாமல் மற்றப் பட்டைகளை இறக்குங்கள்.

பேருந்து, ரயில் இரைச்சலை மூழ்கடிக்கத்தான் பெரும்பாலும் வால்யூமை ஏற்றுகிறோம். காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை அல்லது இரைச்சல் நீக்கும் ஹெட்போன் இருந்தால் அந்தத் தேவையே இல்லை. முனை காதுக்குப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் பேஸ் கசிந்துவிடும், கசிந்ததை ஈடுகட்ட ஒலியை ஏற்றுவோம். இயர்பட்டோடு வரும் மூன்று அளவு முனைகளையும் போட்டுப் பாருங்கள், இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்தும் என்றும் இல்லை. சாலையைக் கடக்கும்போது இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள்.

கேட்டு முடித்ததும் காதில் இரைச்சலோ, பஞ்சு வைத்தாற்போல் மந்தமோ இருந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். மறுநாளும் நீடித்தால் காது மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானால் அன்றைக்கே போக வேண்டும், அதற்குச் சிகிச்சை தரும் அவகாசம் குறைவு.

அடிநாதம்:

நன்றி. காது விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. வேலை நேரத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். இன்னொன்று, இரவு விளக்கணைத்த பிறகு பகலில் கேட்ட பாட்டின் இரண்டு வரி தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தூங்க உதவும் என்று அதே பாடல்களின் கருவியிசைப் பதிவைப் போட்டால் மோசமாகிறது.

இடையிசை பதில்:

கருவியிசைப் பதிவு மோசமாக்குவது உங்களுக்கு மட்டுமில்லை. 2021இல் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு இதையேதான் கண்டது: பிரபலமான பாடல்களின் சொல்லில்லாத பதிவுகள், சொல்லோடு இருக்கும் மூலப் பாடல்களைவிட அதிகமாகத் தலைக்குள் ஒட்டிக்கொண்டன, தூக்கத்தையும் கெடுத்தன. விடுபட்ட சொல்லை மூளை தானே நிரப்பிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இரவுக்குத் தெரிந்த மெலடியே வேண்டாம். தெரியாத, திரும்பத் திரும்ப வரும் பல்லவி இல்லாத, நீளமான ஆலாபனை மாதிரியான இசை போடுங்கள். அல்லது மழையோசை. 30 நிமிட டைமர். படுக்கைக்குப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பிடித்த பாடல்களை முடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட பாட்டுக்கு: சுற்றுவது பெரும்பாலும் முழுப் பாட்டு இல்லை, துண்டு. அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை கேட்டு முடித்தால் பலருக்கு அடங்கிவிடுகிறது. சூயிங்கம் மெல்லுவதும் உதவும், 2015இல் ரெடிங் பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மனதுக்குள் பாடவும் தாடை, நாக்கு அசைவுக்கான திட்டமிடல் தேவைப்படுகிறது, மெல்லும்போது அதில் இடையூறு விழுகிறது. படுத்த பிறகு சூயிங்கம் வேண்டாம். அப்போது ஓரளவு கடினமான சொல் விளையாட்டு மனதிலேயே விளையாடலாம்: "க"வில் தொடங்கும் ஐந்தெழுத்துச் சொற்கள், அடுத்து "கா", அடுத்து "கி". ரொம்பச் சுலபமான வேலை என்றால் பாட்டு நுழைய இடம் மிஞ்சும், ரொம்பக் கடினமென்றால் மனசு அலைந்து மறுபடி பாட்டிடமே போகும். எதிர்த்துத் துரத்துவது மட்டும் கூடாது, இன்னும் அழுத்தமாக வரும்.

வேலை விஷயத்தில் வேலையைத்தான் பிரிக்க வேண்டும். படிப்பது, எழுதுவது, கணக்குப் பார்ப்பது மூன்றுக்கும் புரியும் மொழியில் சொல் உள்ள பாட்டு கெடுதல். மூளையின் மொழி வேலையிடத்தில் இரண்டு பேர் முட்டிக்கொள்கிறார்கள். கையால் செய்யும் வேலைகளுக்கு எந்தப் பாட்டும் ஓடலாம். உங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சொல்லில்லா இசையானாலும் அது உங்களுக்குப் பிடித்த இசை என்றால் பின்னணியில் கிடக்காது, முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். எனவே வேலை நேரத்துக்குப் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கிற இசையைத் தேடுங்கள். பிடித்ததைக் கூலியாக வையுங்கள்: 25 நிமிட வேலை, பிறகு ஒரு பாட்டு, திரையை அணைத்துவிட்டு, வேறு எதுவும் செய்யாமல் முழுதாகக் கேட்பது.

இது எங்கே உடையும் என்றால், அந்த ஒரு பாட்டு முடிந்ததும் ஆப் தானாக அடுத்ததைப் போடும் இடத்தில். ஆட்டோபிளேயை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். பாட்டின் முடிவோடு நிற்கும் டைமர் இருந்தால் அதையும் போடுங்கள். மாலை முழுக்க ஒரே பாட்டில் சிக்குவதற்கும் இதுதான் மருந்து: ரிப்பீட் பொத்தானை அணைத்து வைத்து, ஒவ்வொரு முறையும் கையால் அழுத்த வேண்டிய நிலையை உண்டாக்குங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கிடைக்கும் அந்த நாலைந்து விநாடி அமைதியில்தான் போதுமா வேண்டுமா என்று முடிவெடுக்க முடியும்.

கரைசேர் பதில்:

சோகப் பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன். சோக இசை பலருக்கு ஆறுதல்தான், கெடுதல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நடந்ததையே திரும்பத் திரும்பக் கிளறும் மனசுள்ளவர்களுக்குத்தான் அது ஆபத்து. எந்தப் பக்கம் நீங்கள் என்று பார்க்க ஒரு எளிய சோதனை: பாட்டு தொடங்கும் முன் மனநிலைக்கு 10க்கு ஒரு எண் கொடுங்கள். முடிந்து 20 நிமிடம் கழித்து இன்னொன்று. பாட்டு முடிந்த உடனே கொடுக்கும் எண்ணை நம்பாதீர்கள், அழுது முடித்த அந்த நேரத்தில் எல்லோருக்கும் இதமாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். எந்தெந்தப் பாட்டு உங்களை இறக்கி விட்டுவிட்டுப் போகிறது என்று பெயரோடு தெரியும். அவற்றை அழிக்க வேண்டாம், மனசு 6க்குக் கீழே இருக்கும் நாளில் தொடாமல் இருந்தால் போதும். இசையை நல்லவிதமாகவும் கெட்டவிதமாகவும் பயன்படுத்துவதை அளக்க 2015இல் சாரிகல்லியோ, கோல்ட், மெக்ஃபெரன் மூவரும் 13 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை இளையவர்களுக்காக உருவாக்கினார்கள். அதன் மையமும் இதே கேள்விதான்: கேட்ட பிறகு ஆள் எப்படி இருக்கிறார்?

கீழே விழுந்த மனசை ஏற்றுவதற்கு, துள்ளல் பாட்டை உடனே போடுவது வேலைக்காகாது, எரிச்சல்தான் வரும். இசைச் சிகிச்சையில் வெகுநாளாக உள்ள முறை, இருக்கும் மனநிலைக்குப் பொருந்தும் இசையில் தொடங்கிப் படிப்படியாக நகர்வது. ஐந்தாறு பாடல், மொத்தம் 25 நிமிடம். முதலாவது உங்கள் சோகத்தின் அளவுக்கே இருக்கட்டும். அடுத்ததில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: வேகத்தை நிமிடத்துக்குப் பத்துத் துடிப்பு கூட்டலாம், அல்லது சொல் கனத்தைக் குறைக்கலாம், அல்லது தனிக்குரலிலிருந்து பலர் பாடுவதற்கு மாறலாம். துடிப்பு எண்ண, 15 விநாடி விரலால் தட்டி நாலால் பெருக்குங்கள். இந்தப் பட்டியலை நன்றாக இருக்கும் நாளில் செய்து வைக்க வேண்டும். மனசு சரியில்லாத நாளில் தேடப் போனால் கை பழைய சோகப் பாட்டுக்கே போகும்.

மருத்துவரிடம் போக வேண்டிய இடங்களும் உண்டு. பாட்டுப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நடந்தபடியோ ஆடியபடியோ கற்பனைக் கதைகளில் மூழ்கி, வேலையும் உறவும் கெடுகிறது என்றால், அது இசைப் பற்று மட்டுமில்லை. 2002இல் எலி சோமர் என்ற இஸ்ரேலிய உளவியலாளர் இந்த மிகைப் பகற்கனவை (maladaptive daydreaming) விவரித்தார், இசை அதற்கு முக்கியத் தூண்டுதல். உளவியல் ஆலோசகரிடம் அந்தப் பெயரையே சொல்லிப் பேசலாம். எங்கும் ஓசை இல்லாதபோது வெளியிலிருந்து வருவது போலவே இசை கேட்டால் முதலில் செவித்திறன் சோதனை. கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு இது வருவதுண்டு, பைத்தியம் என்று பயப்பட வேண்டாம். குறிப்பிட்ட இசைக்கு நினைவு தப்புவது, உடல் வெட்டுவது என்றால் நரம்பியல் மருத்துவர். தூக்கமே தேவைப்படாமல், பேச்சு வேகமாகி, செலவு கட்டுமீறி, அதோடு இசை வெறியும் திடீரென்று கூடினால் மனநல மருத்துவர், தாமதிக்காமல். சாக வேண்டும் என்ற எண்ணம் பாட்டோடு சேர்ந்து வந்தால், பாட்டை நிறுத்திவிட்டு அந்த நிமிடமே நம்பிக்கையான ஒருவரை அழையுங்கள்.

மாத்திரை எடுப்பவர்களுக்கு இரண்டு செய்தி. மனச்சோர்வு மருந்துகளில் சில உணர்ச்சியை மழுங்கச் செய்யும், புல்லரிப்பு நின்றுபோகலாம். வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின் சிலருக்கு எல்லா ஸ்வரமும் சற்றே இறங்கிக் கேட்கும்படி செய்யும். மருந்து கொடுத்தவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றலாம். மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

அடிநாதம்:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. கூட இருப்பவர்களுக்கு இது புரியவில்லை. "ஒரு பாட்டுக்கு இவ்வளவா" என்கிறார்கள். எனக்கு உயிரான பாட்டைக் கேட்க வைத்தால் பாதியில் போனைப் பார்க்கிறார்கள்.

தந்திக்கம்பி பதில்:

நீங்கள் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களால் கேட்க முடியாது. அந்த இடம் வரும்போது ஏதாவது காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி வந்துவிடும். பாட்டின் சுட்டியை மட்டும் அனுப்பி, எந்த நிமிடத்தைக் கவனிக்கலாம் என்று ஒரு வரி எழுதி, பதில் கேட்காமல் விடுங்கள். சேர்ந்து கேட்க வேண்டுமென்றால் நடக்கும்போதோ பயணத்திலோ கேளுங்கள், இருவர் கண்ணும் வேறு எங்கோ இருக்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2014இல் பார்சிலோனா பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் மாஸ்-எரேரோ குழு, செவித்திறனும் மனநலமும் சரியாக இருந்தும் இசையில் இன்பமே காணாத சிலரைக் காட்டியது. பணம் ஜெயிக்கும் விளையாட்டில் அவர்களுக்கு வழக்கமான கிளர்ச்சி வந்தது, இசைக்கு மட்டும் வரவில்லை. உங்கள் வீட்டில் ஒருவர் அப்படி இருக்கலாம். அது அலட்சியமல்ல, அவருடைய மூளை அமைப்பு அப்படி. அதே குழு 2013இல் வெளியிட்ட 20 கேள்விப் பட்டியல் இசை இன்பத்தை ஐந்தாகப் பிரிக்கிறது: இசையைத் தேடிப் போவது, உணர்ச்சி பொங்குவது, மனநிலையை மாற்றப் பயன்படுத்துவது, உடல் தாளத்துக்கு அசைவது, இசையால் பிறரோடு சேர்வது. உங்களுக்கு இரண்டாவது மிக அதிகம் என்று தெரிகிறது. அவருக்கு நாலாவதோ ஐந்தாவதோ இருக்கலாம். உங்கள் உயிர்ப்பாட்டைக் கொண்டு போகாமல், சேர்ந்து தாளம் போடவோ பாடவோ முடிகிற ஒன்றில் தொடங்கிப் பாருங்கள்.